அப்பாவின் கணினித் திரை பெரிதாகிவிட்டது: ஃபார்மேட் போடத் தேவையில்லை

கேள்வி: வீட்டு விண்டோஸ் கணினியில் நேற்றிலிருந்து எல்லாமே பெரிது பெரிதாகத் தெரிகிறது. திரையில் ஒரு பகுதிதான் தெரிகிறது. மவுஸை நகர்த்தினால் படமே சேர்ந்து நகர்கிறது. 68 வயதான அப்பாதான் பயன்படுத்திக்கொண்டிருந்தார். எதையோ அழுத்திவிட்டேன் என்கிறார். பக்கத்துக் கடையில் கேட்டால் ஃபார்மேட் போட வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

பதில்:

ஃபார்மேட் போட வேண்டாம். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவும் வேண்டாம். கீபோர்டின் கீழ் வரிசையில், இடது பக்கம், நாலு சின்னச் சதுரங்கள் சேர்ந்த படம் போட்ட ஒரு கீ இருக்கும். அதுதான் விண்டோஸ் கீ. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே, இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டுங்கள். திரை பழைய அளவுக்கு வந்துவிடும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் நீங்கள் எழுதிய ஒரு வரி. மவுஸை நகர்த்தினால் படமே சேர்ந்து நகர்கிறது என்றீர்கள் அல்லவா? அப்படி நடந்தால் அது மேக்னிஃபையரின் வேலைதான். விண்டோஸுக்கு உள்ளேயே இருக்கும் ஒரு பூதக்கண்ணாடி அது. பார்வை குறைந்தவர்களுக்காக விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் பெரிதாகத் தெரியும். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் திரை முழுவதையும் பெரிதாக்கும் வசதி சேர்ந்தது. விண்டோஸ் கீயோடு பிளஸ் கீயை அழுத்தினால் மேக்னிஃபையர் உடனே திறந்துகொள்ளும் என்ற குறுக்குவழியும் அதோடு வந்தது. கண் தெரியாமல் தவிப்பவருக்கு இரண்டே கீயில் திரை பெரிதாவது பெரிய உதவி. தெரியாமல் கை பட்டவருக்கோ, கணினியே கெட்டுப்போனது மாதிரி இருக்கும்.

அப்பா என்ன அழுத்தியிருப்பார் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. இணையப் பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோலும் பிளஸும் அழுத்த வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கீபோர்டைப் பாருங்கள், கன்ட்ரோல் கீக்குப் பக்கத்திலேயே விண்டோஸ் கீ இருக்கிறது. சில லேப்டாப்களில் நடுவில் எஃப்என் கீயும் வரும். விரல் ஒரு கட்டம் தள்ளிப் பட்டால் போதும், பக்கம் பெரிதாவதற்குப் பதில் திரையே பெரிதாகிவிடும். சாதாரணமாக ஒரு தட்டுக்கு 100 சதவீதம் கூடும். அதாவது முதலில் இரண்டு மடங்கு, அப்புறம் மூன்று மடங்கு. பதறிப்போய் அதே கீயைத் திரும்பத் திரும்பத் தட்டினால் 1600 சதவீதம் வரை போகும். அந்த நிலையில் ஒரே ஒரு ஐகான் முழுத்திரையையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய லேப்டாப் இப்படி ஆகி மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பென்ஷன் விவரம் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார், போனேன். மவுஸை மெதுவாக வலது பக்கம் தள்ளி ஒரு வரியைப் படிக்கிறார். திரும்ப இடது ஓரத்துக்கு இழுத்து வந்து அடுத்த வரியைப் படிக்கிறார். ஒரு தொகையைப் படித்து முடிப்பதற்குள் அது எந்த மாதத்துக்கானது என்பது திரையை விட்டு வெளியே போய்விடும். அதனால் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, மாதத்தை முதலில் எழுதி, பிறகு தொகையைத் தேடிப்போய் எழுதிக்கொண்டிருந்தார். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கீயை அழுத்தியதும் திரை சரியாகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த நோட்டை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் உட்கார்ந்து முழுதாகப் பதில் எழுதுவது அதனால்தான்.

சரி, விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த விண்டோஸ் கீ வேலை செய்கிறதா என்று பாருங்கள். தனியாக ஒரு தடவை தட்டினால் ஸ்டார்ட் மெனு வர வேண்டும். கேம் விளையாடுபவர்களுக்கான கீபோர்டுகளில் விண்டோஸ் கீயைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, அது விழுந்திருக்கலாம். அப்படியானால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உங்கள் பக்கமாக உருட்டுங்கள். மேக்னிஃபையர் ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரிதாக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கும். 100க்கு வந்ததும், திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பார் பட்டையில் பூதக்கண்ணாடி படம் போட்ட ஐகான் தெரியும். அதன் மேல் வலது கிளிக் செய்து மூடிவிடலாம். திரையின் மேல்பகுதியில் ஒரு பட்டை மட்டும் பெரிதாக இருந்தாலும், மவுஸோடு ஒரு பெரிய கட்டம் ஊர்ந்துகொண்டே வந்தாலும், அதுவும் மேக்னிஃபையரின் வேறு வடிவங்கள்தான். நிறங்கள் தலைகீழாகி ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

கணினியை அணைத்துப் போட்டால் மறுபடியும் பெரிதாகவே வந்து நிற்கிறது என்றால், அதற்கான டிக் எங்கோ விழுந்திருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேக்னிஃபையருக்கான செட்டிங்ஸ் பக்கம் நேராகத் திறக்கும். மேக்னிஃபையர் சைன் இன் செய்வதற்கு முன்போ பின்போ தானாகத் தொடங்கட்டும் என்று அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரையே பெரிதாக இருந்து உள்ளே போக முடியாவிட்டால், அந்தத் திரையின் வலது கீழ் மூலையில், பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்கான வசதிகளைத் திறக்கும் அக்ஸசிபிலிட்டி ஐகான் இருக்கும். மேக்னிஃபையரை அங்கேயே நிறுத்தலாம்.

உங்கள் பிரச்சினை இதற்குள்ளேயே முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் திரை பெரிதாகிவிட்டது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. எதையும் அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் திரையை உற்றுப் பாருங்கள். மவுஸோடு படம் நகராமல், டாஸ்க்பாரும் ஸ்டார்ட் பட்டனும் அதனதன் இடத்திலேயே இருந்து, ஆனால் எல்லாமே பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கிறதா? அப்படியானால் ரெசல்யூஷன், அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, குறைந்துவிட்டது. எல்லாம் பெரிதாக இருந்தும் எழுத்து கூர்மையாக, பளிச்சென்று இருக்கிறதா? அப்போது ஸ்கேல், அதாவது எழுத்தும் பட்டன்களும் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற சதவீதம், மாறியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்கள் மட்டும் பூதாகரமாகி, மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? அது வெறும் மவுஸ் சக்கரத்தின் வேலை.

கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் எளிது. கன்ட்ரோல் கீயில் கை இருக்கும்போது டெஸ்க்டாப்பில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெரிதாகும், திருப்பி உருட்டினால் சிறிதாகும். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து, வியூ என்பதில் மீடியம் ஐகான்ஸ் என்று தேர்ந்தெடுத்தாலும் சரியாகிவிடும். பிரவுசரில் ஒரு தளம் மட்டும் பெரிதாக இருந்தால் கன்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்துங்கள். குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் வங்கியின் தளம் பெரிதாக இருக்கும்போது மெயில் சரியாக இருக்கும்.

ரெசல்யூஷன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், கடைகளில் ஃபார்மேட் போடச் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்சிடி திரையில் எத்தனை புள்ளிகள் என்பது தயாரிக்கும்போதே முடிவானது. 1920க்கு 1080 என்றால் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். கணினி 800க்கு 600 என்று படம் அனுப்பினால் அதில் இருப்பது 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள்தான். அந்தக் கொஞ்சத்தை இந்த 20 லட்சத்தின் மேல் இழுத்துப் பரப்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐகான்கள் பெரிதாகி, எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடித்து, படம் அகலவாக்கில் இழுபட்டது மாதிரி தெரிகிறது. டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். டிஸ்ப்ளே ரெசல்யூஷன் பட்டியலில் ரெக்கமெண்டட் என்று குறித்திருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உடனே இப்படியே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், நீங்கள் பதில் சொல்லாவிட்டால் 15 நொடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதனால் பயப்படாமல் மாற்றிப் பார்க்கலாம். திரை கறுப்பாகிவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள், திரும்பி வரும்.

அந்தப் பட்டியலில் சரியான எண்ணே இல்லை அல்லது பட்டியல் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருள், போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். இன்டெல், என்விடியா, ஏஎம்டி போன்ற ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், சரியான டிரைவர் இல்லாததால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஒரு அடிப்படை டிரைவரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியில் தேடுங்கள், அல்லது லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். இதற்கு ஹார்ட் டிஸ்க்கை அழித்து ஃபார்மேட் போடுவது, விளக்குத் திரி மாற்ற வீட்டையே இடித்துக் கட்டுவது மாதிரி. உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ, சொத்துப் பத்திரத்தின் ஸ்கேன், எல்லாம் போய்விடும். போனால் அந்தக் கடைக்காரரால் திருப்பித் தர முடியாது.

தனி மானிட்டர் வைத்திருப்பவர்கள் டிரைவரைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பார்க்க வேண்டும். நீல முனை வைத்த பழைய விஜிஏ கேபிள் இன்னும் எத்தனையோ வீடுகளில், அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 15 பின்னுக்கு இடம் உண்டு. படத்தைக் கொண்டு போவது அவற்றில் சில. 12, 15 ஆகிய இரண்டு பின்களின் வேலை வேறு. நான் இந்த அளவுள்ள மானிட்டர் என்று கணினிக்குச் சொல்வது அவைதான். அதில் ஒன்று வளைந்துவிட்டால் படம் வரும், ஆனால் எதிரே இருக்கும் மானிட்டர் எது என்று கணினிக்குத் தெரியாது. 1024க்கு 768 என்று பாதுகாப்பான ஒரு அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் இப்படி ஒரு மானிட்டரைக் கழித்துக்கட்ட இருந்தார்கள். கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில், ஓரத்தில் இருந்த பின் மட்டும் மற்றவற்றின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. மானிட்டரைத் துடைக்கும்போது கேபிளைக் கழற்றி, மாட்டும்போது கொஞ்சம் கோணலாக வைத்துத் திருகியிருக்கிறார்கள். மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தி மாட்டியதும் ரெக்கமெண்டட் எண் பட்டியலுக்குத் திரும்பி வந்தது. நீங்களும் பின்னை நிமிர்த்தினால் மெதுவாகச் செய்யுங்கள். ஒடிந்தால் வேறு கேபிள்தான் வாங்க வேண்டும். சில கேபிள்களில் ஒரு பின் இல்லாமலேயே வரும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒன்று நடக்கும். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டு, ஓரங்கள் திரைக்கு வெளியே போயிருக்கும். பழைய பெட்டி டிவி காலத்து வழக்கப்படி டிவியே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது. கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவுக்கான இடத்தில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று இருக்கும், அதைப் போடுங்கள்.

இனி ஸ்கேல். டிஸ்ப்ளே செட்டிங்ஸிலேயே ரெசல்யூஷனுக்கு மேலே 100, 125, 150 என்று சதவீதம் இருக்கும். தெரியாமல் மாறியிருந்தால் ரெக்கமெண்டட் என்று குறித்ததற்கே திருப்பிவிடலாம். இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள். கஸ்டம் ஸ்கேலிங் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 100 முதல் 500 வரை எந்த எண்ணையும் நீங்களே எழுதலாம். ஆர்வத்தில் 400, 500 என்று போட்டுவிட்டு வெளியேறி உள்ளே வந்தால், செட்டிங்ஸ் ஜன்னலே திரைக்குள் அடங்காது. திருத்த வேண்டிய பட்டன் கண்ணில் படாது. அப்போது விண்டோஸ் கீயோடு ஐ அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, விண்டோஸ் கீயோடு மேல் அம்புக்குறியை அழுத்தி ஜன்னலைப் பெரிதாக்கி, டேப் கீயால் ஒவ்வொன்றாக நகர்ந்து டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போங்கள். கஸ்டம் ஸ்கேலிங்கை நிறுத்திவிட்டு சைன் அவுட் செய் என்ற ஒரு வரி அங்கே இருக்கும். அதில் என்டர் தட்டினால் போதும். நேரம் எடுக்கும், ஆனால் முடியும்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் ஆப்ஷன், கமாண்ட், 8 மூன்றும் ஜூமைப் போட்டு எடுக்கும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் பெரிதாகும் வசதி அக்ஸசிபிலிட்டியில் ஜூம் பகுதியில் இருக்கிறது, அதையும் பாருங்கள். லினக்ஸில் சூப்பர், மெட்டா என்பதெல்லாம் விண்டோஸ் கீயின் வேறு பெயர்கள்தான். உபுண்டு போன்ற நோம் டெஸ்க்டாப்பில் சூப்பர், ஆல்ட், 8. கேடிஇயில் மெட்டாவும் பூஜ்யமும். எக்ஸ்எஃப்சிஇயில் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தைத் திருப்பி உருட்டினாலே போதும்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். திரை பெரிதாகிவிட்டது என்று கூகுளில் தேடி, வரும் ஏதோ ஒரு எண்ணுக்கு அவர் போன் செய்யக் கூடாது. உதவி மையம் என்று பேசி, ஒரு செயலியை நிறுவச் சொல்லி, கணினியைத் தூரத்திலிருந்தே தன் கைக்குள் கொண்டுபோகும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். திரையைச் சரிசெய்வதுபோல் காட்டிவிட்டு வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இந்தியாவில் இணையப் பண மோசடியைப் புகார் செய்வதற்கான எண் அது.

நீங்கள் வெளியூரில் இருந்து போனில்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால், விண்டோஸ் கீ, எஸ்கேப் கீ என்று பெயரைச் சொல்லாதீர்கள். அவர் கீபோர்டில் எழுத்தைத் தேடித் தடுமாறுவார். இடது கட்டைவிரல் பக்கம், நாலு கட்டம் போட்ட பட்டன், அதை அழுத்திப் பிடித்துக்கோங்க, விடாதீங்க, இப்போ மேலே இடது ஓரத்துல இருக்கிற முதல் பட்டனைத் தட்டுங்க என்று இடத்தைச் சொல்லுங்கள். விடாமல் பிடிப்பதுதான் முக்கியம். பெரியவர்கள் ஒன்றை அழுத்தி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை அழுத்துவார்கள், டைப்ரைட்டர் பழகிய கை அது.

திரை சரியான பிறகு உடனே எழுந்து போய்விடாதீர்கள். அவர் ஏன் பிளஸ் கீயைத் தேடினார் என்று கேளுங்கள். எழுத்து சின்னதாக இருந்து படிக்க முடியாமல்தான் தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, விண்டோஸ் 10 என்றால் ஈஸ் ஆஃப் அக்ஸஸ், அதற்குள் எழுத்தின் அளவை மட்டும் 100 முதல் 225 சதவீதம் வரை கூட்டும் ஒரு நகர்த்தி இருக்கிறது. திரை அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் வளரும். மவுஸ் அம்பின் அளவையும் அங்கேயே கூட்டலாம். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு அவரை உட்கார வையுங்கள். அவர் தினமும் படிக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நகர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளுங்கள். முன்னால் குனியாமல், நாற்காலியில் சாய்ந்தபடியே அவர் படிக்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.